நூலும் நூற்குறிப்பும்: மின்னூலகத் தரநிலைகள் நடந்து வந்த வழி



மின்னூலக வளங்களைப் பேணுவதில் தரநிலைகளின் பங்கு என்பது இன்று எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். இது கணினித் துறையினர் பேச வேண்டிய பொருளாயிற்றே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் மொழியியல் பயின்றவன். கணினி பயின்றவன் அல்லன். எனினும் இதைப் பற்றிப் பேச எனக்கும் ஓர் உரிமை உண்டு. தரநிலையைப் பொருட்படுத்தாததால் தன் உழைப்பின் ஒரு பகுதியை இழந்தவன் என்ற உரிமை அது.

1990-களின் நடுவில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ் முதியவர்கள் பலரைக் கண்டு, அவர்தம் பேச்சு வழக்கைத் திரட்டினேன். மண்டோர், கிராணி, ரோத்தான், கம்பம் என மலாய் மொழியோடு ஊடாடி வழங்கிய சொற்களும், பட்டறையில் ஆங்கிலத்திலிருந்து திரிந்து நிலைத்த கருவிப் பெயர்களும் அத்திரட்டில் இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதினேன். சொல், பொருள், சொன்னவர் பெயர், அவர் பிறந்த ஊர், சொன்ன நாள் ஆகிய ஐந்தும் அதில் இருக்கும். பின்னர் அட்டைகளையெல்லாம் இரவுகளில் அமர்ந்து கணினியில் ஏற்றினேன். எழுத்துரு ஒரு நண்பர் உருவாக்கித் தந்தது. தரவுகளைச் சேமிக்க அந்நாளில் கிடைத்த ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினேன். வீடு மாறியபோது, கணினியில்தான் எல்லாம் இருக்கின்றனவே என்று அட்டைகளைக் கட்டி வெளியே வைத்துவிட்டேன்.

2008-இல் அவ்வட்டுகளைத் திறந்தபோது திரையில் தமிழே இல்லை. மேலே கோடும் புள்ளியும் இட்ட உரோமன் எழுத்துகள் வரிவரியாக நின்றன. அச்சிடுவதற்கென்று சொல்லையும் பொருளையும் மட்டும் தனிக் கோப்பாக எடுத்து வைத்திருந்தேன். அதன் பழைய அச்சுப்படிகள் சில கைவசம் இருந்தமையால், எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒப்பிட்டு அக்கோப்பை மீட்டேன். எஞ்சிய மூன்று விவரங்களும் அம்மென்பொருளுக்கே உரிய கோப்பில் இருந்தன. அதைத் திறக்கவல்ல மென்பொருள் எவரிடமும் இல்லை. சொற்கள் மீண்டன, சொன்னவர்கள் மீளவில்லை. யார், எவ்வூரார், எப்போது சொன்னார் என்று தெரியாத சொல்லை மொழியியலில் சான்றாகக் கொள்ள இயலாது. மீண்டும் சென்று கேட்கலாம் என்றால், அம்முதியவர்களுள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர்.

அன்று நான் கற்ற பாடம் ஒன்று. கணினியில் நூல் அழிவதற்கு முன்பே நூலைப் பற்றிய குறிப்பு அழிந்துவிடுகிறது. குறிப்பு அழிந்தபின் நூல் இருந்தும் பயனில்லை. இவ்வழிவிலிருந்து காப்பவையே தரநிலைகள். தரநிலை என்றவுடன் உயர்வு தாழ்வு நினைவுக்கு வரலாம். இங்கு அதன் பொருள், ஒரு செயலை எல்லாரும் ஒரே முறையில் செய்வோம் என்று பலர் கூடிச் செய்துகொள்ளும் உடன்பாடு.

அச்சுக்கு முன்னும் பின்னும்

இத்தகைய உடன்பாடு தமிழுக்குப் புதிதன்று. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் ஓலை கிழியும் என்னும் அச்சத்தால் ஏடெழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். எகர ஏகாரக் குறிகளிடையே வேறுபாடு இல்லை. ஆகாரக் காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன. கற்றவர் இடம் நோக்கிப் படித்துக்கொண்டனர். கல்லாதவருக்கு ஏடு மூடிய கதவாக இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபட்ட வடிவம் வகுத்தார். அச்சு பரவியபோது அவ்வடிவங்களும் புள்ளியும் நிலைபெற்றன. படிப்பவரின் அறிவை நம்பி விடப்பட்டிருந்ததை எழுத்திலேயே காட்டிவிடுவது என்ற முடிவு அது. மின்னூலகத் தரநிலைகளின் அடிப்படையும் அதுவேயாகும். கணினிக்கு இடம் நோக்கி உணரும் அறிவு இயல்பாக இல்லை. ஆதலின் நாம் அறிந்ததை அதற்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

அச்சு நூல்கள் பெருகியபோது அவற்றைப் பட்டியலிடும் தேவை எழுந்தது. 1865-இல் ஜான் மர்டாக் என்னும் பாதிரியார், அதுவரை அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பகுத்து ஒரு பட்டியலைச் சென்னையில் வெளியிட்டார். 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அதை நாடுகின்றனர். அதிற் காணும் நூல்கள் யாவும் இன்று கிடைப்பதில்லை. அத்தகைய நூல்கள் இருந்தன என்பதற்குப் பட்டியலே சான்றாக நிற்கிறது.

நம் ஊருக்கு வருவோம். நீரிணைக் குடியேற்றங்களில் 1886-இல் நூற்பதிவுச் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. இங்கு அச்சாகும் நூல்களின் படிகளை அரசிடம் ஒப்படைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று அது விதித்தது. அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கியது மகுதூம் சாயபு நடத்திய ‘சிங்கைநேசன்’ வார இதழ். 1887 முதல் 1890 வரையிலான அதன் இதழ்களை நாம் இன்றும் படிக்க முடிகிறது. சட்டத்துக்கு முன் 1875-இல் தோன்றிய ‘சிங்கை வர்த்தமானி’யையோ பெயரளவில்தான் அறிகிறோம். தமிழ் இதழ்களைக் காக்க வேண்டும் என்னும் பற்றினால் பிறந்த சட்டமன்று அது. ஆட்சியாளர்கள் தம் தேவைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. எனினும் ஒரு விதி எல்லாருக்கும் பொதுவாக இருந்து தவறாமல் பின்பற்றப்பட்டால், அதை வகுத்தவர் நினையாத நன்மையும் அதனால் விளையும் என்பதை இதிற் காண்கிறோம்.

அட்டையிலிருந்து கணினிக்கு

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வெளியிட்டார். 1933-இல் கோலன் பகுப்பு முறையைத் தந்தார். படிப்பவரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. நூலை வாங்கி அடுக்குவதோடு நூலகத்தின் கடமை முடிவதில்லை. தேடி வருபவர் கையில் அது விரைந்து சேர வேண்டும். மின்னூலகத்துக்கும் இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை.

நூற்பட்டியலைக் கணினி படிக்கும் வடிவில் அமைக்கும் முயற்சி 1960-களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் நடந்தது. ஹென்றியட் ஆவ்ரம் என்னும் அம்மையாரின் தலைமையில் உருவான ‘மார்க்’ முறை, நூற்குறிப்பின் ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண்ணைத் தந்தது. ஆசிரியர் பெயர் 100-ஆம் புலத்தில் வரும். தலைப்பு 245-ஆம் புலத்தில் வரும். எந்நாட்டு நூலகம் எழுதிய குறிப்பாயினும் இன்னொரு நூலகத்தின் கணினி அதைப் புரிந்துகொள்ளும். சிங்கப்பூரில் 1987-இல் தொடங்கிய ‘சைலாஸ்’ என்னும் கூட்டுப் பட்டியல் சேவை இவ்வடிப்படையில் எழுந்ததே. ஒரு நூலகம் எழுதிய குறிப்பை மற்ற நூலகங்களும் பயன்படுத்த அது வழி செய்தது.

தமிழ் நூல்களுக்கு மட்டும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அக்காலக் கணினிகள் உரோமன் எழுத்தையே அறியும். ஆகவே தமிழ்த் தலைப்பையும் பெயரையும் உரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதினர். அதற்கெனப் பன்னாட்டு விதி உண்டு. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உரோமன் எழுத்து என்ற அவ்விதி, மொழியியல் நோக்கில் குறைசொல்ல இயலாதது. ககரம் எவ்வாறு ஒலித்தாலும் அதற்கு ‘கே’ என்னும் எழுத்தே வரும். ஆனால் தம் அடையாள அட்டையில் ‘ஜி’ எழுத்தில் தொடங்கும் பெயருடைய கோவிந்தசாமி என்பவர், நூலகப் பட்டியலில் ‘கே’ எழுத்தின்கீழ் நிற்பார். அவரே வந்து தேடினாலும் தம் நூலைக் காணாமல் திரும்பக்கூடும். விதி சரியாக இருந்தது. நூலும் அடுக்கில் இருந்தது. அவ்விதி தேடுபவரை எண்ணி வகுக்கப்பட்டதன்று என்பதே குறை.

எழுத்துருக்களின் காலம்

இணையம் வந்தபோது தமிழர்கள் தயங்கி நிற்கவில்லை. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது தமிழ்க் கவிதைகளும் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றன. அதன்பின் நின்றவர் நா. கோவிந்தசாமி. எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கிய அவர் ‘கணியன்’ என்னும் முறையை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே ‘முரசு’ செயலியை உருவாக்கியிருந்தார். சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைத் தந்தார். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மேலும் பல தோன்றின.

இவை அனைத்தும் தமிழ்ப்பற்றின் விளைவுகள். ஆயினும் ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியவில்லை. ஒருவர் ககரத்தை வைத்த இடத்தில் மற்றவர் ஙகரத்தை வைத்தார். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டதோ அதே எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும். என் வட்டுகளில் நேர்ந்ததும் இதுவே.

இந்நிலையை மாற்ற 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதை முன்னின்று நடத்தியவரும் நா. கோவிந்தசாமியே. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டில் பொது விசைப்பலகையும் ‘டாம்’, ‘டாப்’ ஆகிய குறியேற்றங்களும் முன்வைக்கப்பட்டன. இணையவழிக் கலந்துரையாடலில் உருவான ‘திஸ்கி’ குறியேற்றம் மறுபுறம் வளர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். 2000-இல் மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் நடந்தபோது ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது.

இதற்கிடையில் 1991-இல் வெளிவந்த யூனிகோட் என்னும் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. அது இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த அமைப்பைத் தழுவியது. தமிழுக்கு அது முற்றும் பொருந்தவில்லை என்ற குறை பலருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. அதில் எழுத்துகள் தமிழ் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. ஒற்றெழுத்து அடிப்படையாக இல்லாமல் அகரமேறிய மெய் அடிப்படையாக உள்ளது. இக்குறைகளைப் பற்றி நான் கட்டுரையும் எழுதினேன். இலக்கண நோக்கில் நான் எழுதியதை இன்றும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் என் வட்டுகளைத் திறந்து பார்த்தபின் ஒன்றை ஏற்றுக்கொண்டேன். குறையுடையதாயினும் உலகம் முழுதும் ஏற்ற ஒரு முறை, குறையற்றதாயினும் நான்கு பேர் மட்டும் அறிந்த முறையைவிட நூலுக்குப் பாதுகாப்பானது. அகரவரிசைச் சிக்கலை, வரிசைப்படுத்தும் விதியைத் தனியே வகுத்துக் கணினியில் தீர்த்துக்கொள்ளலாம். எவரும் படிக்க இயலாத கோப்புக்கு அத்தகைய தீர்வு கிடையாது. 2010-இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன் பழைய நூல்களைத் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தருகிறது. என்ன குறியேற்றம் என்பது தெரிந்திருந்தமையால் அம்மாற்றம் இயன்றது.

ஒருங்குறிக்குப் பின்னும் எஞ்சுபவை

ஒருங்குறி வந்ததோடு சிக்கல் தீர்ந்தது என்று எண்ணுவதற்கில்லை. ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ‘ஔவையார்’ என்னும் பெயரை ஔகாரம் இட்டு எழுதலாம். சிலர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கணினிக்கு இவை வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. கொ, கோ போன்ற எழுத்துகளை இருவகையாகத் தட்டினாலும் அவை சமம் என்று ஒருங்குறியின் விதி கொள்கிறது. ஔகாரத்தையும் ஒகர ளகரத்தையும் அவ்விதி சமமாகக் கொள்வதில்லை. கொள்ளவும் கூடாது, அவை உண்மையில் வேறானவை. ஆகவே இது குறிப்பை எழுதுபவரின் பயிற்சியாலும் மொழியறிவாலும் தீர வேண்டியது.

மற்றொன்று பி.டி.எஃப். கோப்பு. பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த நூலை அப்படியே அவ்வடிவில் தந்தால் திரையில் அழகிய தமிழாகத் தெரியும். ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் உள்ளிருப்பது தமிழன்று என்பது விளங்கும். அந்நூலுக்குள் எச்சொல்லையும் தேட முடியாது. பதிப்பகங்கள் பல இன்றும் இவ்வாறே கோப்புகளை வைத்துள்ளன.

மூன்றாவதும் பெரியதும் நூற்குறிப்பு. 1995-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் நூலகரும் கணினியரும் கூடிப் பேசியதன் பயனாக ‘டப்ளின் கோர்’ என்னும் முறை பிறந்தது. தலைப்பு, ஆக்கியோர், பொருள், நாள், மொழி, உரிமை முதலிய 15 கூறுகளால் எந்த மின்வளத்தையும் விவரிக்கலாம் என்று அது வகுத்தது. 2003-இல் அது பன்னாட்டுத் தரநிலையாயிற்று. நான் அட்டையில் எழுதிய ஐந்து விவரங்களுக்கும் அப்பதினைந்துள் இடம் உண்டு. அம்முறையில், எவரும் திறக்கக்கூடிய எளிய கோப்பில் அவற்றை எழுதி வைத்திருந்தால் இன்று அவை என்னிடம் இருக்கும்.

2015-இல், சிங்கப்பூர் விடுதலை பெற்று ஐம்பதாண்டு நிறைந்ததை ஒட்டி, தமிழ் மின்மரபுத் திட்டத்தின் பயனாக ஏறத்தாழ 350 இலக்கிய நூல்கள் மின்வடிவில் நமக்குக் கிடைத்தன. தன்னார்வலரும் தேசிய நூலகமும் இணைந்து ஆற்றிய அரும்பணி அது. அந்நூல்கள் நூலக வாரியத்தின் மின் தொகுப்பில் உரிய குறிப்புகளுடன் இருப்பதால்தான் உலகின் எம்மூலையிலிருந்தும் ஒரு மாணவர் அவற்றைக் கண்டெடுக்கலாம். படம்பிடித்து ஒரு வட்டில் இட்டு வைத்திருந்தால் விழா முடிந்ததும் மறந்திருப்போம்.

பெயர்களின் சிக்கல்

தமிழ் நூல்களுக்கே உரிய ஒரு பணி இன்னும் பெரிதும் எஞ்சியுள்ளது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். புனைபெயர் உண்டு. வடவெழுத்தை ஏற்பதும் நீக்குவதும் உண்டு. கலாசார விருது பெற்ற எழுத்தாளர் பி. கிருஷ்ணனையே கொள்வோம். அவர் ‘புதுமைதாசன்’ என்னும் பெயரிலும் எழுதியவர். கிருஷ்ணன் என்பதைக் கிருட்டிணன் என்று எழுதுவோரும் உளர். உரோமன் எழுத்தில் மேலும் பல வடிவங்கள் வரக்கூடும். இவை அனைத்தும் ஒருவரே என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். நூலகத்தார் இதற்கென ஏற்புடைய பெயரைத் தலைப்பாக்கி, ஏனைய வடிவங்களை அதனோடு இணைக்கும் பெயர்ப்பதிவு ஒன்றை வைத்திருக்கின்றனர். புகழ்பெற்ற எழுத்தாளருக்கு அப்பணி எளிது. ஒரே ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டு மறைந்த ஆசிரியருக்கு, அவரை அறிந்தவர்கள் உள்ளபோதே செய்தால்தான் உண்டு.

தரநிலை என்பது மொழியின் வேற்றுமைகளை ஒடுக்கிவிடாதா என்று மொழியியலாரே கேட்பதுண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. நல்ல பட்டியல் முறை, தலைப்புப் பக்கத்தில் அச்சானதை அச்சானபடியே எழுதச் சொல்கிறது. கிருட்டிணன் என்று இருந்தால் கிருட்டிணன் என்றே எழுதப்படும். அதை ஏனைய வடிவங்களோடு இணைப்பது தனிப் பணி. இவ்வாறு இணைத்து வைப்பதால் வேற்றுமை காணாமற்போவதற்கு மாறாக, பின்வருவோர் ஆராயக்கூடிய சான்றாகிறது.

இவற்றுள் நம் அனைவருக்கும் பங்கு உண்டு. நூல் வெளியிடுவோர் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் ஆசிரியர் பெயரைத் தமிழிலும், அவர் விரும்பும் உரோமன் வடிவிலும், புனைபெயர் இருப்பின் அதனோடும் அச்சிடலாம். அச்சகத்திலிருந்து ஒருங்குறிக் கோப்பைக் கேட்டுப் பெறலாம். அமைப்புகள் தம் ஆண்டுமலர்களையும் நிழற்படங்களையும் மின்மயமாக்கும்போது, படத்தில் உள்ளவர் யார், எந்த நாள், எந்த இடம் என்பதை அறிந்தவர் இருக்கையிலேயே எழுதி வைக்கலாம். மூலத்தாள்களை எக்காரணத்தாலும் வெளியே வைக்க வேண்டா. இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரே முறையில் செய்வோம் என்ற உடன்பாடும் அதை விடாது பின்பற்றும் பொறுமையுமே தேவை.

பணி ஓய்வுக்குப் பின், மீட்ட சொற்பட்டியலை எடுத்துக்கொண்டு செம்பவாங் முதியவர்களின் பிள்ளைகள் சிலரைத் தேடிச் சென்றேன். ஓர் அம்மையார் பட்டியலை மெல்லப் படித்து வந்தார். பட்டறைக் கருவி ஒன்றின் பெயரில் விரலை வைத்து, “இது எங்கப்பா சொல்ற மாதிரியே இருக்கு. வேற யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல சார்” என்றார். தந்தையார் பிறந்த ஊரையும், தளத்தில் வேலை பார்த்த ஆண்டுகளையும் சொன்னார். அங்கேயே ஓர் அட்டையில் எழுதினேன். சொல், பொருள், சொன்னவர், ஊர் என நான்கு இடங்கள் நிரம்பின. ஐந்தாவதாகிய நாள் தெரியவில்லை. அதற்குரிய இடத்தில், மகள் வழி அறிந்தது என்றும் நான் அறிந்த நாளையும் குறித்தேன். அன்றிரவே அதை ஒருங்குறியில் ஏற்றினேன். அட்டையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.